லாரிதான் வேணும்

ஊத்துக்கோட்டை சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண்ணோடு சின்னராசு போனில் அரைமணி நேரமாக மல்லுக்கட்டினார்.

"மெக்கானிக் பைக்ல வந்து அங்கேயே சரி பண்ணிடுவாரு சார்."

"மெக்கானிக் வேணாம்மா. வண்டியக் கும்மிடிப்பூண்டிக்கு இட்டுகினு போக லாரி அனுப்பு. பாலிசில போட்டுக்கீதா இல்லியா?"

"போன வருஷமும் இதே தேதி, இதே எடத்துலதான் நின்னுச்சு!"

"வண்டிக்கு அந்தத் தேதி ராசியில்ல. நான் இன்னா பண்றது?"

கடைசியில் கம்பெனி பணிந்தது.

"லாரி வருதா?" என்றாள் மனைவி மேரி.

"வருது. பேட்டரி ஒயரை நான் கழட்டுனது டிரைவருக்குத் தெரியக் கூடாது."

மேரி தலையில் பூ வைத்துக்கொண்டாள். நாற்பது வருடங்களுக்கு முன் இதே தேதியில், தாலி கட்டிய கையோடு, சின்னராசு தான் ஓட்டிய கம்பி லாரியின் முன்சீட்டில் அவளை இங்கிருந்துதான் ஏற்றிப்போனார்.

"மெதுவா ஓட்டச் சொல்லுய்யா," என்றாள். "போன வாட்டி ஊடு சீக்கிரம் வந்துடுச்சு."