நாற்பது டெசிபெல்

"நாப்பது டெசிபெல். சத்தம் அதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் நகர கவுன்சிலுக்குப் புகார் எழுதிப் போட்டுருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் மெர்வின், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

வேலிக்கு இந்தப் பக்கம் அளவு நாடாவோடு நின்றான் ஆங்கஸ். கிளெண்டா வீட்டுக்கு, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மெஷின் போட வந்த மூன்றாவது ஆள் அவன். முன்னால் வந்த இருவரும் மெர்வினிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனவர்கள்தான், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலிருக்கும் ஹோபார்ட்டில், குளிர் தொடங்கும் மே மாதம் பாதி போய்விட்டது. மலை உச்சியில் பனி விழுந்தாயிற்று. கிளெண்டாவின் பழைய விறகு அடுப்பு விரிசல் விட்டு, வீடெல்லாம் புகை சூழ்ந்ததால், அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அறுபத்தெட்டு வயதில் அவர் சொந்த வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளிக் குல்லாவுமாக நடமாடிக்கொண்டிருந்தார். போன குளிருக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இந்த முறையும் வீடு சூடாகாவிட்டால் மறுபடி அதே கட்டில்தான்.

மெஷினின் விசிறி ஓடும் வெளிப்பெட்டியை வைக்க இருந்த ஒரே இடம், மெர்வினின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே. சட்டப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த ஜன்னலில் சத்தம் நாற்பது டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. சின்ன மெஷின் மூச்சே விடாது, ஆனால் கூரை உயர்ந்த அந்த வீட்டில் ஒரு மூலையைக்கூடச் சூடாக்காது. பெரியது வீட்டையே வேகவைக்கும், ஆனால் விசிறிச் சத்தம் மெர்வினின் தலையணை வரை போகும். ஆங்கஸ் நடுவாந்தரமாக ஐந்து கிலோவாட் என்று இழுத்தான். கிளெண்டா வாய் திறப்பதற்குள் வேலிக்கு மேலே மெர்வினின் தலை முளைத்தது.

"அஞ்சா? அதை வச்சுக்கிட்டு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே கிடக்கவா? ஏழு போடு தம்பி."

"ஏழு போட்டா சத்தம் வருமே சார்."

"அது உன் பாடு. சத்தம் வரக் கூடாது."

பகையாளி மேல் இப்படி ஒரு கரிசனத்தை ஆங்கஸ் எங்கும் பார்த்ததில்லை. கிளெண்டாவோ எதுவும் காதில் விழாதவர் போல நின்றார். அந்த ஆள் குடிவந்து எட்டு மாசந்தான் ஆகிறது, அதற்குள் சட்டப் புத்தகத்தையே கரைத்துக் குடித்துவிட்டான் என்று மட்டும் சொன்னார்.

ஆங்கஸ் தலையைச் சொறிந்து கடைசியில் ஒன்றைப் பிடித்தான். ஏழு கிலோவாட்தான், ஆனால் இரவில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ரகம். கணக்குப்படி மெர்வின் ஜன்னலில் முப்பத்தெட்டுதான் வரும். கணக்குக்குக் காது கிடையாது, தன் காதால் கேட்டால்தான் நம்புவேன் என்று மெர்வின் ஒற்றைக்காலில் நின்றார்.

சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஆங்கஸ் மெஷின் வைக்கவேண்டிய இடத்தில் ஒரு ஒலிபெருக்கியை வைத்தான். அந்த மெஷினின் இரவுச் சத்தம் அதே அளவில் அதில் ஓடும். மெர்வின் ஜன்னலைத் திறந்துவைத்துக் கட்டிலில் படுத்துக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டால் துண்டை வெளியே ஆட்ட வேண்டும்.

முதல் தடவை ஆங்கஸ் ஒலிபெருக்கியைத் தொடுவதற்குள்ளேயே துண்டு ஆடியது. இரண்டாம் தடவை ஒரு கடற்காகம் கத்தியதற்கு ஆடியது. மூன்றாம் தடவை ஆங்கஸ் தும்மியதற்கு ஆடியது. அவன் வெறுத்துப்போய் மூட்டையைக் கட்டத் தொடங்கினான்.

"போகாதே தம்பி. அதை ஓடவிட்டுட்டு உள்ள வா" என்றார் கிளெண்டா. "படுத்து இருபது நிமிஷம் ஆகட்டும், அப்புறம் பாரு."

உள்ளே சிப்பிக்கறி வைத்த பேஸ்ட்ரி மூன்று சூடாக இருந்தன. ஆளுக்கொன்றாகத் தின்றார்கள். மூன்றாவதைக் கிளெண்டா ஒரு தட்டில் வைத்து மூடினார். ஆங்கஸ் கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். இருபது நிமிடம் கழிந்தது. துண்டு அசையவே இல்லை. கிளெண்டா கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஆர்டர் தாளில் கையெழுத்துப் போட்டார். ஆங்கஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் வெளியே வந்தபோது ஒலிபெருக்கிப் பக்கமிருந்து பெரிய உறுமல் கேட்டது. கிளெண்டாவின் ஜன்னலில் அவன் வைத்திருந்த டெசிபெல் மீட்டர் ஐம்பத்து மூன்று காட்டியது. பதறிப்போய் ஒலிபெருக்கியை அணைத்தான். ஐம்பத்து நான்கு. கம்பியையே பிடுங்கினான். ஐம்பத்தாறு. அப்புறம் எண் மெல்ல இறங்கியது, எங்கிருந்தோ ஒரு விசில் கேட்டது, எண் மறுபடி ஏறியது.

ஆங்கஸ் மெதுவாக வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். கட்டிலில் மெர்வின் மல்லாந்து, வாயைப் பிளந்து, குறட்டையில் மர மில்லே நடத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், இது அம்பத்தாறு" என்றான், குரலைத் தாழ்த்தி. "ஒண்ணு கூடினாலே எழுதிப் போடுவேன்னு குதிச்சாரே. நியாயமாப் பார்த்தா நீங்கதான் அவர் மேல எழுதிப் போடணும்."

"போடத்தான் போறேன்" என்றார் கிளெண்டா, மூடிய தட்டோடு வேலியிலிருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டே. "பக்கத்து வீட்டுக்காரன் சத்தத்துக்குத்தான் தம்பி சட்டம் இருக்கு, புருஷன் சத்தத்துக்கு இல்ல. அதுக்காகத்தானே முப்பத்தோரு வருஷம் ஒரே கட்டில்ல படுத்த மனுஷனுக்குப் பக்கத்து வீட்டை வாங்கிக் குடுத்திருக்கேன்."