தொட்டி இருக்கும் வீடு

அமெரிக்காவில் தெருப்பெயர்கள் மாதாமாதம் மாறின. அந்தந்த மாதம் செல்வாக்கோடு இருப்பவர்களின் பெயரைத்தான் தெருக்களுக்கு வைத்தார்கள். டேட்டன் நகரத்துத் தபால்காரர் வால்ட்டர் பெயர்ப்பலகை பார்ப்பதையே விட்டுவிட்டார். வளர்மதியின் வீட்டை வாசலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

பனி கொட்டத் தொடங்கியதும் அவள் தொட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். தபால் நின்றுபோனது.

"அக்கா மக கல்யாணப் பத்திரிகை வரணுமேங்க," என்றாள் கணவன் செண்பகராமனிடம்.

"செடிய வெளிய வச்சா பட்டுப்போயிரும்."

மறுநாள் காலை அவனைக் காணாமல் கதவைத் திறந்தாள். வாசலில் தொட்டிக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு, வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றான்.

"குளிரலையா உங்களுக்கு?"

"அது கெடக்கட்டும். ரோட்டுல இருந்து பாத்தா இலை தெரியுதான்னு சொல்லு."