வீட்டில் எத்தனை பேர்

கூரையை அளந்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய டோனல், சமையலறை மேசையில் டீக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் படிவத்தை விரித்தான்.

மாடிப்படியின் நடுவில், குழந்தைகளின் ஈரத்துண்டுகளோடு கிரான்யா நின்றுவிட்டாள். கீழே போக மனமில்லை. மேலே போகவும் கால் வரவில்லை.

கூரையில் சூரிய வெந்நீர்த் தகடு போடலாமா என்று பார்க்க டோனல் என்ற ஆள் வருகிறான் என அப்பா நேற்றுச் சொன்னபோதே அவளுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக இல்லாத யோசனை இப்போது ஏன் வந்ததாம்? வெந்நீரைக் காலி பண்ணுவது யார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

ஈஸ்டர் விடுமுறைக்கு என்று சொல்லித்தான் இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து வந்தாள். ஏழு வயது ஓஷீன், நாலு வயது மூரின், இரண்டு பெட்டிகள். ஈஸ்டர் போய் ஐந்து வாரம் ஆகிவிட்டது.

புருஷன் ஏன் வரவில்லை என்று அப்பா கேட்கவில்லை. இனி வரமாட்டான் என்று அவளும் சொல்லவில்லை. அம்மா போனபிறகு தனி ஆளாக இருந்து பழகிய அப்பா ஃபின்டன், காலையில் கஞ்சிக்கு ஓட்ஸைக் கூடுதலாகப் போட ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

மேல்தெருப் பள்ளியில் பிள்ளைகளை இப்போதைக்கு உட்காரவிட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் சேர்கிறார்களா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று வியாழன். அதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: நாங்கள் இங்கேயே இருந்துவிடலாமா?

ராத்திரி அதைக் கேட்கத்தான் கீழே வருவாள். கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விடுவாள்.

காரணம், வந்த மூன்றாம் நாள் அப்பா போட்ட சத்தம். "ஹீட்டரை அணைக்காமப் போனது யாரு?"

அயர்லாந்தில் பிறந்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்ததில்லை. துண்டு உலர்த்தும் அலமாரிக்குள் அந்த வெந்நீர் ஹீட்டரின் சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'கைகழுவ', மறு பக்கம் 'குளிக்க'. அதை அணைக்க மறப்பது கொலைக்கு அடுத்த குற்றம். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சந்தேகம் வந்து வண்டியைத் திருப்பியவர்கள் இந்தத் தெருவிலேயே மூன்று பேர் உண்டு.

அன்றிலிருந்து கிரான்யா பிள்ளைகள் இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டு அவசர அவசரமாகக் குளிப்பாட்டிவிட்டு, ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிடுவாள். தனக்குப் பச்சைத்தண்ணீர். மேயோ மாவட்டத்தின் மே மாதத்துப் பச்சைத்தண்ணீர் என்றால் பல் தந்தியடிக்கும். முப்பத்தாறு வயதில் அப்பாவுக்குப் பயந்து நடுங்குகிறோமே என்று அவளுக்கே தன்மேல் ஆத்திரமாக வந்தது.

கீழே அப்பாவின் குரல் கேட்டது.

"இந்த ஊர்ல சூரியனா? போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் நான் பாக்கல."

"மேகம் இருந்தாலும் சூடாகும், ஐயா. வெளிச்சம் இருந்தாப் போதும். கோடைல முழுசா கிடைக்கும், குளிர்காலத்துல கொஞ்சம்தான். உங்க கூரை தெற்கு பாத்த கூரை, அதுல குறையே இல்ல." டோனல் நிறுத்தினான். "ஆனா ஒத்தை ஆளுக்குன்னா வேணாம்னுதான் சொல்வேன். ஞாயித்துக்கிழமை பூசைக்காக சனிக்கிழமை ஒரு குளியல் போடுறவருக்குக் கூரை மேல தகடு எதுக்கு?"

"புதன்கிழமையும் குளிக்கிறேன்டா."

டோனல் சிரித்தான். வியாபாரத்துக்கு வந்தவன் இப்படிக் கெடுத்துக்கொள்கிறானே என்று கிரான்யாவுக்கு வியப்பாக இருந்தது.

"விருந்தாளிங்க வரதும் போறதும் கணக்குல வராது, ஐயா. வருஷம் முழுக்க இந்த வீட்டுல இருக்கிறவங்க எத்தனை பேர்?"

கரண்டி கோப்பையில் இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு நின்றது.

கிரான்யா ஈரத்துண்டுகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள். சட்டை நனைந்தது.

"நாலு," என்றார் ஃபின்டன்.

பேனா காகிதத்தில் கீறும் சத்தம் படிவரை கேட்டது.

"போட்ட காசு திரும்பி வர பத்து வருஷம் ஆகும். அதையும் யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சு. சின்னவளுக்கு இப்ப நாலு வயசு. பத்து வருஷத்துல பதினாலு. பதினாலு வயசுப் பொண்ணு தலைக்குக் குளிச்சா எவ்வளவு வெந்நீர் ஆகும்னு உனக்கென்ன தெரியும், தம்பி? நான் ஒண்ணை வளத்திருக்கேன்."

நாற்காலிகள் நகர்ந்தன. வெந்நீர்த் தொட்டியைப் பார்க்க இருவரும் மேலே வரப்போகிறார்கள்.

நனைந்த சட்டையும் நனைந்த கண்ணுமாக யாரிடமும் அகப்பட விரும்பாமல் அவள் மாடிக்கு ஓடினாள். துண்டுகளைப் போட அலமாரியைத் திறந்தாள்; கதவு கிரீச்சிட்டது.

சுவிட்ச் போட்டிருந்தது, அதுவும் 'குளிக்க' பக்கம்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புமுன் தன் கையால் அணைத்திருந்தாள். இரண்டு தடவை வந்து பார்த்தாள். அதில் சந்தேகமே இல்லை.

பழக்கதோஷத்தில் கை அதை நோக்கி நீண்டது.

"கிரான்யா!" படியடியிலிருந்து அப்பா கத்தினார். ஆயுள் முழுக்கக் கத்திய அதே கத்தல். "அந்த சுவிட்ச் மேல கைய வச்சே, பாரு! நீ இன்னும் குளிக்கல!"