ஓட்டைக் கை

ஐரோப்பியத் தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். ஃபாரோ தீவுகளில் ஒன்றின் மலைப்பாதையில் பேருந்தை மறித்து நின்ற செம்மறி ஆடுகள் நகர்வதாயில்லை. முன்சீட்டு ஹெய்னியின் ஆத்திரமெல்லாம் தங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பின் மேல் திரும்பியது.

“தங்கமான கோல்கீப்பரை வித்துட்டு எவனையோ புடிச்சிட்டு வந்திருக்கானுங்க மச்சான்!”

“பக்கத்துத் தீவுக்காரனாம் மாப்ள. இங்கதான் ஏதோ வேலையும் போட்டுக் குடுத்திருக்காங்களாம்” என்றான் மைத்துனன் ஷூர். “நீ அவன் மூஞ்சியப் பாத்திருக்கியா?”

“மூஞ்சி எதுக்கு? சரியான ஓட்டைக் கையாம்! பந்தை வலைக்குள்ள போய்த்தான் பொறுக்குவானாம்.” ஹெய்னி ஓட்டுநர் பக்கம் திரும்பினான். “ஹாரன் அடிங்கண்ணே, ஆட்டம் ஆரம்பிச்சிடும்!”

ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து முறம் போன்ற கைகளை எடுத்து விரித்துக் காட்டினார்.

“பதறாதீங்க தம்பி. இந்த ஓட்டைக் கை போய்ச் சேராம ஆரம்பிக்க மாட்டாங்க.”