திரைக்கு அடித்த பெயிண்ட்

“ஓனர் இருக்கார், நான் இருக்கேன், குடியிருக்கிற நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க. பத்து நிமிஷத்துல வீடு வாங்கறவரும் வந்துடுவார். அவர்கிட்ட இதை என்னன்னு சொல்றது?” என்றார் தரகர்.

‘இது’ என்பது வரவேற்பறை ஜன்னலின் திரைச்சீலை. போன வாரம் வரை வெறும் வெள்ளைத் துணி. இப்போது அதில் குறுக்கே பச்சைப் பட்டைகள். பட்டை என்று சொல்வதுகூடப் பெருந்தன்மைதான். இடப்பக்கம் ஒழுங்காகக் கிளம்பிய கோடு, பாதி வழியில் மனம் மாறிக் கீழே இறங்கியிருந்தது.

யோசனை என்னவோ தரகருடையதுதான். விற்கப்போகிற வீட்டுக்குப் புதுத் திரை வாங்கிப்போட ஓனருக்கு மனமில்லை. இருக்கிற துணியைத் தரையில் விரித்துப் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்தால் புதுசே தோற்றுப்போகும், செல்போனிலேயே செய்து காட்டுகிறார்கள் என்று தரகர் அளந்தார். வேலையை, பதினோரு வருடமாக அங்கே குடியிருக்கும் தம்பதி தலையில் கட்டினார். புருஷன் லிப்ட் மெக்கானிக். கைவேலை தெரிந்த ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார் என்று நம்பினார்.

மெக்கானிக் முடித்துத்தான் இருந்தார். துணிக்கென்று விற்கிற பெயிண்டை விட்டுவிட்டு, இரும்புக் கதவுக்கு அடிக்கிற எனாமலை எடுத்திருந்தார். தரையில் விரிக்காமல், தொங்கிய இடத்திலேயே வைத்து அடித்திருந்தார். துணியில் ஊறிய பெயிண்ட் சுவரைப் பிடித்து, ஜன்னலைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. திரையோ பலகையாகிவிட்டது. தட்டினால் சத்தம் வந்தது.

ஓனர் அதைக் கழற்றச் சொன்னார். மெக்கானிக் ஸ்டூல் போட்டு ஏறி இழுத்துப் பார்த்தார். வளையங்கள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன.

“நீங்க எந்த பில்டிங்ல லிப்ட் பார்க்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் அங்கே படியேறியே போயிக்கறேன்” என்றார் தரகர்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தாள். அப்போதே சொன்னாளாம், இந்த மனுஷன் கேட்டால்தானே என்றாள். இவரோடு குப்பை கொட்டியே தன் காலம் போய்விட்டது என்றாள்.

தரகர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மாதத்தில் எட்டுப் பேரைக் கூட்டிவந்து காட்டியாயிற்று. ஓனர் கேட்ட விலையில் எட்டுப் பேரும் வந்த வழியே போனார்கள். இன்றைக்கும் முடியாவிட்டால், இந்த வீடு எதிர்த்தெருத் தரகன் கைக்குப் போய்விடும் என்று ஓனர் காலையில்தான் சொல்லியிருந்தார். எதிர்த்தெருக்காரன் அதற்குள் விஷயம் தெரிந்து, டீக்கடையில் இவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியிருந்தான்.

வாங்க வந்தவர் முப்பது வயதுக்காரர், மடிப்புக் கலையாத சட்டை. சமையலறையைப் பார்க்கவில்லை, படுக்கையறையைப் பார்க்கவில்லை. நேராகத் திரையின் முன் போய் நின்றார். சுவரில் இருந்த பச்சைத் திட்டை நகத்தால் சுரண்டினார்.

“சுவர்ல ஈரம் கசியுதா?”

ஈரமெல்லாம் இல்லை, அது பெயிண்ட் என்றார் தரகர்.

“திரைக்கு யாராவது எனாமல் அடிப்பாங்களா? எதையோ மறைக்கத்தானே அடிச்சிருக்கீங்க?”

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

“ஈரம்னு பெருசா சொல்ல முடியாதுங்க” என்றார் அவர். “மழைக்காலத்துல கொஞ்சம்... அதுகூட இல்லைன்னே வெச்சுக்கலாம்.”

ஓனர் அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். வந்தவர் வாசலுக்கு நடந்தார்.

தரகர் குறுக்கே விழுந்து அவரை உட்காரவைத்துவிட்டு, ஓனரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். இந்த முட்டாள் உங்கள் வீட்டைக் கெடுத்துவிட்டான், இனி எவன் வந்தாலும் இதையேதான் கேட்பான், வந்ததை விடாதீர்கள் என்று காதைக் கடித்தார். குறைத்த விலையோடு திரும்பிவந்தார்கள். வந்தவர் சுவரைப் பார்த்தார். மறுபடியும் சமையலறை. மூன்றாவது முறை வந்தபோது விலையில் கால் பங்கு காணாமல் போயிருந்தது. வாங்குபவர் தரவேண்டிய தரகையும் தரகர் வாய்திறந்து விட்டுக்கொடுத்தார். கையெழுத்தானது. முன்பணம் கைமாறியது.

ஓனர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார். புதியவர் அறைகளை அளந்துவிட்டு வருவதாகச் சொன்னார். தரகர் மெக்கானிக்கின் தோளைத் தட்டினார்.

“இனிமே பிரஷ்ஷைக் கையால தொடாதீங்க. புது ஓனர் என்னை மாதிரி பொறுமைசாலியா இருக்கமாட்டார்.”

மெக்கானிக் பணிவாகத் தலையாட்டினார்.

வெளியே வந்த தரகர் குனிந்து ஷூ மாட்டினார். ஒரு மடையனின் புத்தியால் போகவிருந்த வியாபாரத்தைத் தன் வாயால் மீட்டுவிட்ட திருப்தி அவருக்கு. பாதி திறந்திருந்த கதவுக்குப் பின்னால் மெக்கானிக்கின் மனைவி பேசுவது கேட்டது.

“உங்க மாமா அடிச்ச பெயிண்டைப் பார்த்து எங்கே சிரிச்சுடுவியோன்னு இந்த அக்காவுக்குப் பதறிக்கிட்டே இருந்துச்சுடா தம்பி. நாங்க விலை கேட்டப்போ, உங்களுக்கு ஏது அவ்வளவு வசதின்னு சிரிச்ச ஓனர், இப்ப உன் பேருக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறார்.”

தரகர் நிமிர்வதற்குள் மெக்கானிக் வந்து, அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டார்.