அட்டையில் மாத்திரை உண்டா?

லீலாபாய் அம்மா காப்பீட்டு அட்டையைக் கவுன்ட்டர் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.

அட்டையில் அவருடைய கணவர் குமாரதாஸின் படம். வயது எழுபத்து நான்கு. காலையில் மூச்சுத் திணறலோடு ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். இப்போது பரவாயில்லை, மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் ஃபார்மை நிரப்பத் தொடங்கினேன்.

நாகர்கோவிலில் இந்த ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் நின்று யார் அழுதாலும் ஆதார் நகல் இருக்கிறதா என்றுதான் கேட்க வருகிறது. என்ன செய்ய, அப்படி ஆகிவிட்டேன்.

போன மாதம் இரண்டு பேரும் சேர்ந்து வந்திருந்தார்கள். குமாரதாஸ் திங்கள்சந்தையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடையை மூடி நாளாகிவிட்டது. இரண்டு பேருக்கும் இருதயத்துக்கு ஒரே மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கிற இலவச மாத்திரைகளில் அது இல்லை. கடையில் ஒருவருக்கு வாங்கத்தான் முடிகிறது. அட்டையைக் காட்டினால் தருவார்களா என்று கேட்டார்.

கடையில் வாங்குகிற மாத்திரைக்கு இந்த அட்டை உதவாது என்றேன். நோயாளி இங்கே படுக்க வேண்டும். படுத்தால் எல்லாம் இலவசம். வீட்டுக்குப் போகும்போது பதினைந்து நாள் மாத்திரையும் கையில் தருவார்கள்.

அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல விரல் விட்டுச் சொன்னேன். இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஃபார்மில் அடுத்த கேள்வி, வழக்கமான மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பது.

பன்னிரண்டு நாள் ஆகிறது என்றார் லீலாபாய் அம்மா.

மறந்துவிட்டாரா என்று கேட்டேன்.

மறக்கவில்லையாம். நிறுத்திவிட்டாராம். தன் பங்கையும் மனைவிக்கே தந்திருக்கிறார். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் அந்த அம்மா இதைச் சொன்னார்.

யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. யாரைத் திட்ட? சொல்லிக்கொடுத்தது நான்தான். பன்னிரண்டு என்று எழுதினேன்.

அவர் குனிந்து, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

"அவருக்குத் தாற மாத்திரை பதினஞ்சு நாளுதான் வரும். அடுத்து நான்தான் படுக்கணும். என்னைக்கு நிறுத்தினா சரியாட்டு இருக்கும் மக்களே?"

உயிரே போய்விடும், அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கண் சுவரில் இருந்த காலண்டருக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை இன்சூரன்ஸ் அப்ரூவல் வராது, திங்கட்கிழமை வந்து சேருகிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.