எஞ்சின் வாசித்த தவில்

ஒரு லாரியில் புதிதாக ஒரு ஸ்பீக்கர் வந்து உட்கார்ந்தது. வந்த அன்றைக்கே அதற்கு ஒரு சத்தம் கேட்டது. டொக்கு, டொக்கு.

"யாருங்க அது தட்டுறது?" என்றது ஸ்பீக்கர்.

"நான்தான் தம்பி, எஞ்சின். ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு. கறுத்துத் தாராக் கிடக்கு. என் இரும்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசுது. இப்படியே மலை ஏறினா செத்துருவேன்."

"டிரைவர்கிட்ட கேட்க வேண்டியதுதானேக்கா?"

"கேட்டேனே. எனக்குன்னு உள்ள கெட்டி ஆயிலை ஊத்துங்க, மண்ணு அடைச்ச ஏர் பில்டரையும் மாத்துங்கன்னு ஒரு மாசமா தட்டுறேன். சத்தம் தொல்லையா இருக்குன்னு உன்னை வாங்கி மாட்டியிருக்காரு."

ஸ்பீக்கருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "எனக்கு இது தெரியாதுக்கா. நான் வேணா மெதுவாப் பாடுறேன்" என்றது.

"அது உன் கையிலயா இருக்கு?"

அதற்குள் டிரைவர் பேச்சிமுத்து ஏறி உட்கார்ந்தார். கோயில் பாட்டு ஒன்றைப் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருகி வைத்தார். லாரி மலை ஏறத் தொடங்கியது. எஞ்சின் உயிரைக் கொடுத்துத் தட்டியது.

பேச்சிமுத்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "தவில்காரன் என்னமா அடிக்கிறான்" என்றார்.

ஏழாவது வளைவில் பெரிதாக ஒரு டொக்கு கேட்டது. அதோடு எஞ்சின் நின்றுவிட்டது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சிமுத்து ஸ்பீக்கரின் மண்டையில் இரண்டு தட்டு தட்டினார்.

"வாங்கி ஒரு நாள் ஆகல. அதுக்குள்ள தவில் கேட்க மாட்டேங்குது."